ஏட்டையா வீட்டில் எடுத்த படம்

மேல்மூடியைத் தூக்கினால் நான்கு பக்கமும் தகடுகள் விரிந்து நிற்கும். அந்தச் சின்னக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் பால் நிறத்தில் ஒரு கண்ணாடி. முன்னால் நிற்பவர் அதில் இடவலம் மாறித் தெரிவார். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணாடியில் மறுபக்கம் சாய்வார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த அந்தப் பழைய கேமராவை மடியில் அணைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. தோல் உறைக்குமேல் வைத்திருந்த என் உள்ளங்கை வேர்த்து வேர்த்து, உறையிலே கையின் அச்சு விழுந்திருந்தது. அதுவரை உயிருள்ள ஒரு மனிதரைக்கூட நான் படம் எடுத்ததில்லை. போய்க்கொண்டிருந்ததோ ஒரு போலீஸ் ஏட்டையா வீட்டுக்கு.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோ ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால், முதலாளி டச்சிங் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். வந்தவர்களின் முகத்தில் இருந்த குறைகளைப் படத்தில் இல்லாமல் செய்வதுதான் அந்த வேலை. பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் என்றால் நெகட்டிவிலேயே கூர்சீவிய பென்சிலால் புள்ளி வைப்பேன். வெள்ளையாக ஏதாவது விழுந்திருந்தால் அச்சான படத்தில் மெல்லிய பிரஷும் மையும். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவற்றில் எதுவும் என்னைத் திரும்பிப் பார்க்காது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. சிறுவயதிலிருந்தே பயந்த சுபாவம். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன்.

ஒரு நாள் மாலை மாடிப்படியில் கனத்த செருப்புச் சத்தம் கேட்டது. சீருடையில் இல்லாவிட்டாலும், உள்ளே வந்தவர் நின்ற தோரணையிலேயே முதலாளி எழுந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஏட்டையா என்று அறிமுகம் நடந்தது. அவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தாலும் கண் என்மேல் இருந்தது.

"இங்க டச்சிங் பண்ணுதது ஒரு பொம்பளப் பிள்ளைன்னாங்களே, இதுதானா?"

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மகள் தொடக்கப்பள்ளி டீச்சர். மாப்பிள்ளை சேத்தூர்க்காரர், ராணுவத்தில் வடக்கே இருக்கிறார். படம் அனுப்பி, அவர் சரி என்று சொல்லிவிட்டால் விடுப்பு வாங்கி நேரே கல்யாணத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. மாப்பிள்ளைக்குத் தகப்பன் தாய் இல்லை. சித்தப்பா ஒருவர்தான் முன்னின்று பேசுகிறார். இதையெல்லாம் சொல்லி முடித்தபின் ஏட்டையா குரலைத் தாழ்த்தினார்.

"இடது கன்னத்துல வெள்ளை விழுந்திருக்கு. ரெண்டு வருசமாத்தான். அதனால வலது பக்கமா மட்டும் எடுக்கணும். தப்பித் தவறி எங்கயாவது தெரிஞ்சா இந்தப் பிள்ளை அழிச்சிரணும். எங்க ஊர் ஸ்டுடியோல எடுத்தா தெருப் பூரா தெரிஞ்சிரும். வீட்டுக்கு வந்துதான் எடுக்கணும், ஆம்பளை வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமைதான் மகளுக்கும் விடுமுறை, அவருக்கும் ஓய்வு. அதே ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்குச் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்கும் வேலை. நல்ல கேமரா, பிளாஷ், விளக்குகள் எல்லாம் அங்கே போகின்றன. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று முதலாளி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. போலீஸ்காரரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கும் பயம்.

எனக்கு மிஞ்சியது அந்த இரட்டைக் கண் கேமராவும், ஒரு கால் கழன்ற ஸ்டாண்டும், பாதி ஓடிய ஒரு பிலிம் சுருளும். விளக்கு இல்லை, வெளிச்சம் அளக்கும் கருவி இல்லை. பிலிம் டப்பாவுக்குள் வரும் தாளில் வெயில், மேகம், நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டு, எதற்கு எதை வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். "ஜன்னல் பக்கத்துல உக்கார வை. இருட்டா இருந்தா ஷட்டர் மெதுவா விழுற மாதிரி வச்சுக்கோ, ஆனா அந்தப் பிள்ளை அசையக் கூடாது, நீயும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு முதலாளி கிளம்பிப் போனார். சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அம்மாவை ஜன்னலோரம் உட்காரச் சொல்லி, பிலிம் போடாமல் கண்ணாடியில் பார்த்தேன். "வலப்பக்கம் திரும்பும்மா" என்றால் கண்ணாடியில் அம்மா இடப்பக்கம் திரும்பினாள். நான் பதறி மாற்றிச் சொல்ல, அவள் இன்னும் விலகிப் போனாள். "என்னட்டி, ஒண்ணு சொல்லு, ஒழுங்காச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள். நாளைக்கு அந்த வீட்டில் இப்படிப் பக்கம் மாறிப்போய், மறைக்க வேண்டிய கன்னத்தையே எடுத்து வைத்தால்? வலது கையில் கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டேன், எது வலம் என்று மறக்காமலிருக்க. மில்லில் வேலை பார்த்த அப்பா, ஸ்டாண்டின் கழன்ற காலைக் கழிவு நூலைத் திரித்து இறுக்கிச் சுற்றிக் கட்டித் தந்தார். "போலீஸ்காரர் வீடு. படம் சரியா வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டு வந்துரு. எதுத்துப் பேசாத" என்றார். அப்பாவும் பயந்திருந்தார்.

ஏட்டையா வீட்டு முன்னறையில் சுவரில் பெல்ட்டும் லத்தியும் ஒரே ஆணியில் தொங்கின. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, இதற்குமுன் எத்தனை படம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டுவிடுவாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். எதிர்வீட்டுச் சுவர் நெருக்கி நின்றதால் வெளிச்சம் குறைவு. கொல்லைப்பக்க அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. அதன் வழியே தூரத்தில் மலை தெரிந்தது. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் சூரியனை மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

டீச்சரை அங்கேதான் முதலில் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தார். பவுடர் போடப்போட அந்த இடம் தனியாகத் தெரிந்ததே தவிர மறையவில்லை. உதட்டோரத்தில் தொடங்கிக் காது வரைக்கும், ஓரம் ஒழுங்கில்லாமல், உள்ளங்கையகலம். முகம் நல்ல மாநிறம். பெரிய கண்கள். வகுப்பில் பிள்ளைகளை அடக்கிப் பழகியவர்களுக்கு உள்ள நிதானமான பார்வை. அம்மா காப்பி போடப் போனார். சேலை மடிப்பைச் சரிசெய்ய நான் குனிந்தபோது டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீ பிரஷ்ல அழிச்சிருவியாம்ல?"

"ஆமா டீச்சர்."

"அழிச்சது தெரியாதா?"

"தெரியாது. நான் பண்ணுனா தெரியாது."

அவர் முன்னறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு மறுநாள் காலைல நான் மூஞ்சி கழுவணும்ல. அப்ப யாரு வந்து அழிப்பா?"

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. வழிகேட்பது போலக் கேட்டார்.

"அப்பாட்ட எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்குதாங்க. நீ ஒண்ணே ஒண்ணு நேரா எடுத்துரு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கப் போனேன்.

ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, வலக்கன்னம் கேமராவுக்குத் தெரியும்படி திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் ஜன்னல் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கரி பூசியது போல் இருட்டு. ஸ்டுடியோவில் முதலாளி இருட்டுப் பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்துவார். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். அட்டைக்கு நான் எங்கே போவேன்? வெள்ளை வேட்டி கிடைக்குமா என்று டீச்சரின் அம்மாவிடம் கேட்டேன். நீலம் போட்டு வெளுத்த ஏட்டையாவின் வேட்டி வந்தது. அதை இரண்டு கையாலும் விரித்து உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அம்மா குள்ளம், பிடித்தால் இடுப்புயரத்துக்கு மேல் வரவில்லை. அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டையாவிடம்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வேட்டியை அவர் பக்கம் நீட்டினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"நான் பிடிக்கணுமா?"

"ஆமாங்க ஐயா. செத்த நேரம்."

அம்மா மறுபடி அடுப்படிக்குப் போனார். ஏட்டையா வந்து மகளுக்குப் பக்கவாட்டில் நின்று வேட்டியை விரித்துத் தூக்கினார். தலைக்குமேல் ஒரு சாண் உயரத்துக்குப் போயிற்று. முகத்தின் இருட்டு கலைந்தது. வேட்டிக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கு மகளின் முகம் தெரியாது என்பது. டீச்சருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அவருடைய கண் ஒரு கணம் வேட்டியைத் தொட்டுவிட்டு என்னிடம் வந்தது.

முதல் படத்தில் பொத்தானை அழுத்தியபோது ஸ்டாண்டே ஆடியது. அடுத்ததில் டீச்சர் இமைத்துவிட்டார். அதற்கடுத்து மேகம் வந்து அறை மங்கியது. காத்திருந்தோம். "ஆச்சா?" என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வெளிச்சம் திரும்பியதும் வலப்பக்கமாக இன்னும் இரண்டு எடுத்தேன். அவை சரியாக வந்திருக்கும் என்று தோன்றியது. சுருளில் கடைசியாக ஒன்று மிச்சம்.

சுருளைத் திருகி, மூச்சை அடக்கிக் கண்ணாடியைப் பார்த்தேன். டீச்சர் மெல்ல, வேட்டிப் பக்கம் சிறு அரவம்கூட எழாமல், முகத்தைத் திருப்பினார். இரண்டு கண்ணும் நேரே கேமராவைப் பார்த்தன. பவுடரை எப்போது துடைத்தார் என்று தெரியவில்லை. முந்தானை நுனி அவர் விரலில் சுருண்டிருந்தது. கன்னத்து வெள்ளை கண்ணாடியில் பக்கம் மாறித் தெரிந்தது. என் வாய் திறந்தது. 'திரும்புங்க டீச்சர்' என்று சொல்வதுதான் எனக்கு இட்டிருந்த வேலை. தொண்டைக்குள் ஒன்றும் இல்லை. அந்தப் பார்வை என்மேலேயே இருந்தது. விரல் அழுத்திவிட்டது.

"ஆச்சா?" என்றார் ஏட்டையா.

"ஆச்சுப்பா" என்றார் டீச்சர், பழையபடி திரும்பி உட்கார்ந்து.

திங்கட்கிழமை முதலாளி சுருளைக் கழுவினார். நான் இருட்டறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். படமே விழாமல் வெற்றுச் சுருளாக வந்தால் ஏட்டையாவுக்கு என்ன சொல்வது. எல்லாம் விழுந்திருந்தால் கடைசிப் படத்துக்கு என்ன சொல்வது. அவர் வெளியே வந்து ஈரச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்கமாக எடுத்ததில் இரண்டு தேறும் என்றார். கடைசிப் படத்தில் அவர் கண் நின்றது. "இது நேராப் பாக்காளே" என்றார். நான் அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சுருளை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். பிறகு, "நல்லா வந்ததுன்னா இது ஒண்ணுதான். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆமா" என்று சொல்லிவிட்டுச் சுருளைக் காயப்போட்டார்.

ஏட்டையா வந்து வலப்பக்கப் படத்தை வாங்கிப் போனார். உதட்டோரம் எட்டிப்பார்த்த கொஞ்சம் வெள்ளையைப் பிரஷால் மறைத்திருந்தேன். கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டபின் டீச்சர் பேருந்தேறி வந்தார். நேரே எடுத்த படத்தைக் கேட்டார். அச்சுப்போட்டு வைத்திருந்தேன், ஒரு புள்ளிகூடத் தொடவில்லை. அதைக் கையில் வாங்கி, ஒரு நிமிடம்போல் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானே தபால்ல போட்டுருதேன்" என்றார். அதை அவர் மாப்பிள்ளைக்கே அனுப்பப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப்பின் வந்த நாட்கள் முழுக்க மாடிப்படிச் சத்தத்துக்கு நடுங்கினேன். வீதியில் காக்கி நிறம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிக்கொள்வேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் கேட்டாள், சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அந்தச் செருப்புச் சத்தம் வந்தது. இந்த முறை சீருடையில் வந்தார். இரண்டு படங்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். முதலாளி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"ரெண்டும் ஒரே வாரத்துல போய்ச் சேந்திருக்கு. 'இதுல எது உங்க மக'ன்னு கேட்டு மாப்பிள்ளை ரெண்டையும் திருப்பி அனுப்பியிருக்கான்."

நான் எழுந்து நின்றேன். முழங்கால் மேசையில் இடித்தது.

"மறைச்ச வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சித்தப்பன்காரன் சொல்லிட்டான். வெள்ளை இருக்குங்கறதுக்காக இல்லையாம்." அவர் சிரித்தது போலிருந்தது, சிரிப்பு இல்லை. அந்த வீட்டார் சொன்னது உண்மையா, நாகரிகமாகச் சொன்ன சாக்கா என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. "எம் பக்கத்துலயே எடுத்திருக்க. நான் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், நீ எடுத்திருக்க."

"ஆமாங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவ சொன்னாளா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் பார்வை தளர்ந்தது. "அவளே சொல்லிட்டா, வீட்டுல. என்னையப் பாத்து நேருக்கு நேரா நின்னு சொல்லுதா. ஒரு வாரமா நான் அவகிட்டப் பேசல" என்றார். முதலாளியிடம் நெகட்டிவைக் கேட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "எதுட்டி அது?" என்றார். கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். எரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அத மட்டும் வெட்டி எடு."

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். முதலாளி வாங்கி வெட்டினார். ஏட்டையா அந்த ஒரு கட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, மிச்ச நெகட்டிவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அது இங்க இருக்கட்டும். இனிமே யார் கேட்டாலும் அதத்தான் குடுக்கணும்னு அவ சொல்லிட்டா. வேணுங்கும்போது வந்து பிரிண்ட் போட்டுக்கிடுவா" என்றார். படியிறங்கும்போது நின்று என்னைப் பார்த்து, "நீ செஞ்சது தப்பு" என்றார். அந்தக் குரலில் இன்னும் கடுமை இருந்தது.

டீச்சர் பிரிண்ட் போட வரவில்லை. மறுவருசம் தளவாய்புரத்தில் துணி தைத்துக் கொடுக்கும் ஒருவர் படம் எதுவும் கேட்காமல் நேரே வந்து பார்த்து, பேசி, கட்டிக்கொண்டார். கல்யாணத்தில் ஏட்டையா என்னைப் பார்த்தார். சாப்பிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். நான் அதற்குப்பின் பலரைப் படம் எடுத்தேன். தொண்ணூறுகளில் முதலாளிக்குக் கண் மங்கியபோது ஸ்டுடியோ என் பொறுப்புக்கு வந்தது. விளக்குகள் வந்தன, வெளிச்சம் அளக்கும் கருவி வந்தது, கலர் வந்தது. பயம் மட்டும் போகவில்லை. முக்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் உள்ளங்கை வேர்க்கும். இன்றைக்குப் பிள்ளைகள் கைபேசியில் தங்களைத் தாங்களே எடுத்து, விரலால் தடவிக் கன்னத்தை வழுவழுப்பாக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது, இவர்களுக்கு எப்படிப் பயமே இல்லாமல் கைவருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், பதவி உயர்வுக்குப் படம் வேண்டும் என்று டீச்சர் வந்தார். வெள்ளை முகம் முழுக்கப் பரவியிருந்தது. புருவத்தோரம் மட்டும் பழைய நிறம் கொஞ்சம் மிச்சம். விளக்கைத் தணிக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? இப்ப எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒரே நிறந்தான்" என்று சிரித்தார். நான் விளக்கை நகர்த்தும்போது என் கையைக் கவனித்துவிட்டார். "இன்னும் பயப்படுதியா தங்கச்சி?"

"ஆமா டீச்சர். அன்னைக்கு உங்க அப்பாவுக்குப் பயந்தது, இன்னும் விடல."

"நான் அன்னைக்கு அப்பாவுக்குப் பயப்படல. உனக்குத்தான் பயந்தேன்" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "திரும்புங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேட்டி கீழ இறங்கியிருக்கும். எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும். நீ வாயே திறக்கல. எம்புட்டுத் தைரியம் இந்தப் பிள்ளைக்குன்னு நினைச்சேன்."

இத்தனை வருடம் அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பொய்யாக ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

"தைரியம் இல்ல டீச்சர். சொல்லத்தான் வாயத் திறந்தேன். சத்தம் வரல."

அவர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சரி விடு" என்றார். "எனக்கும் அன்னைக்குக் காலு ரெண்டும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீ இடுப்புக்கு மேலதான எடுத்த."